ஊசிக்கு முன் தராசு

கேள்வி: நானும் மனைவியும் பள்ளி ஆசிரியர்கள். எழுத்தறிவுப் பணிக்கும் சபை ஊழியத்துக்குமாக எங்கள் சபை எங்களை ஆப்பிரிக்க நாடு ஒன்றின் உட்பகுதிக்கு மூன்று ஆண்டுகளுக்கு அனுப்புகிறது. நான்கு வயது மகளும் வருகிறாள். பணித்தளத்திலிருந்து அரசு மருத்துவமனைக்கு மண்சாலையில் நான்கு மணி நேரம். முன்பு அங்கிருந்த மிஷனரி, "ஊசி போடக் கற்றுக்கொண்டு வாருங்கள், ஜனங்கள் அதைத்தான் முதலில் கேட்பார்கள்" என்கிறார். மூன்று வாரப் பயிற்சி ஒன்றும் ஆறு மாதப் பயிற்சி ஒன்றும் இருக்கின்றன. எதில் சேரலாம்? எந்த மருந்துகளைக் கொண்டுபோகலாம்? எங்கள் கையில் யாராவது இறந்துபோனால் என்ன செய்வது?

பதில்:

அன்புள்ள சகோதரருக்கு,

முன்னவர் சொன்னது உண்மைதான், ஜனங்கள் ஊசிதான் கேட்பார்கள். மாத்திரை என்றால் அரை வைத்தியம், குத்தினால்தான் முழு வைத்தியம் என்ற நம்பிக்கை உலகின் பல பகுதிகளில் உண்டு. அதனாலேயே நீங்கள் ஊசி போடக் கற்காமல் போவது நல்லது என்கிறேன்.

1976இல், இன்றைய காங்கோ ஜனநாயகக் குடியரசில் உள்ள யம்புக்குவில், பெல்ஜியக் கன்னியாஸ்திரிகள் நடத்திய மிஷன் மருத்துவமனை இருந்தது. 120 படுக்கைகள், 17 ஊழியர்கள். தினமும் காலையில் ஐந்து சிரிஞ்சுகளும் ஊசிகளும் எடுத்து வைப்பார்கள். வெளிநோயாளி, கர்ப்பிணி, உள்நோயாளி எல்லாருக்கும் அன்று அவைதான். ஒருவருக்குப் போட்டதை வெந்நீரில் அலசிவிட்டு அடுத்தவருக்குப் போட்டார்கள். எபோலா அந்த ஊசிகள் வழியாகப் பரவியது. 318 பேருக்கு நோய் வந்தது, 280 பேர் இறந்தார்கள். 17 ஊழியர்களில் 11 பேர் இறந்துபோனார்கள். அந்தச் சகோதரிகள் அலட்சியக்காரர்கள் அல்ல. கேட்டவருக்கு இல்லை என்று சொல்ல மனம் வராதவர்கள், அவ்வளவுதான்.

இன்று ஒருமுறை பயன்படுத்தி எறியும் சிரிஞ்சு வந்துவிட்டதே என்பீர்கள். வந்துவிட்டது. ஆனால் பிட்டத்தில் இடம் தவறிக் குத்தினால் நரம்பு அடிபட்டுக் குழந்தையின் பாதம் தொங்கிப்போவது இன்றும் நடக்கிறது. சீழ்க்கட்டி வரலாம். பென்சிலின் ஒவ்வாமையில் ஐந்து நிமிடத்தில் மூச்சு நின்றுபோகலாம். பயன்படுத்திய ஊசி உங்கள் விரலிலோ, குப்பைக் குழியருகே விளையாடும் பிள்ளையின் காலிலோ ஏறலாம். பேரிடர்க் காலங்களில் 10,000 பேருக்கு மூன்று மாதம் போதுமாறு அனுப்பப்படும் சர்வதேச மருந்துத் தொகுப்பில், குறைந்த பயிற்சி பெற்றவர்களுக்கென ஓர் அடிப்படைப் பகுதி உண்டு. அதில் வாய்வழி மருந்தும் மேல்பூச்சும் மட்டுமே இருக்கும், ஊசிமருந்து இருக்காது. அந்தப் பட்டியலைத் தயாரித்தவர்கள் போட்ட எல்லையே உங்களுக்கும் பொருந்தும்.

இனி எந்தப் பயிற்சி என்ற கேள்வி. நாள் கணக்கைப் பார்க்காதீர்கள். உலக சுகாதார அமைப்பும் யுனிசெஃபும் 2012இல் கூட்டாக வலியுறுத்திய முறை ஒன்று உண்டு. கிராமத்திலேயே வாழும், மருத்துவம் படிக்காத சுகாதாரப் பணியாளர் ஒருவர் வயிற்றுப்போக்கு, மலேரியா, நிமோனியா என்ற மூன்றுக்கும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளைக் கவனிப்பார். அவருக்குக் கிடைக்கும் பயிற்சி சில நாள்கள்தான். பாடம் குறுகியது, திரும்பத் திரும்பப் பழக்கப்படுவது, அதன்பிறகு மேற்பார்வை தொடர்வது, இவற்றால் அது வேலை செய்கிறது.

எனவே இரண்டு நிறுவனங்களிடமும் இதைக் கேளுங்கள்: பயிற்சியில் எத்தனை நோயுற்ற குழந்தைகளை நான் நேரில் பரிசோதிப்பேன்? மூச்சை எண்ணும்போது பக்கத்தில் நின்று சரிபார்ப்பவர் உண்டா? பச்சிளங்குழந்தையின் பொம்மையில், மூச்சுக் கொடுக்கும் ஆம்பு பையை என் கையால் அழுத்திப் பழகுவேனா? கடைசியில் செய்முறைத் தேர்வு உண்டா? "படம் போட்டு விளக்குவோம்" என்பதுதான் பதிலென்றால், ஆறு மாதமானாலும் அது சொற்பொழிவே. உலக சுகாதார அமைப்பும் சர்வதேச செஞ்சிலுவைக் குழுவும் சேர்ந்து உருவாக்கிய அடிப்படை அவசர சிகிச்சைப் பாடம் ஐந்து நாள்தான். சுவாசப்பாதை, மூச்சு, இரத்த ஓட்டம், நினைவு, உடையை விலக்கி உடல் முழுதும் பார்த்தல் என்ற வரிசையைக் கைப்பழக்கமாக்க அதுவே போதும்.

மூன்று வாரப் பயிற்சியில் மேற்சொன்னவை இருந்தால் அதில் சேருங்கள். மிச்சப்படும் காலத்தில் இரண்டு வாரத்தை, போகும் நாட்டின் மாவட்ட மருத்துவமனைக் குழந்தைகள் பிரிவில் செவிலியர் பக்கத்தில் செலவிடுங்கள். அங்கே நீங்கள் சிகிச்சை செய்யப்போவதில்லை. அந்த ஊர் நோய்களைக் கண்ணால் பார்ப்பீர்கள். பிறகு நோயாளியை அனுப்பும்போது எதிரே இருப்பவர் உங்களை அறிந்தவராக இருப்பார். உள்ளூர் மொழியில் முப்பது கேள்விகளை அங்கேயே கற்றுக்கொள்ளலாம். எத்தனை நாளாக? பால் குடிக்கிறதா? குடித்ததெல்லாம் வாந்தியா? வலிப்பு வந்ததா? வீட்டில் என்ன மருந்து கொடுத்தீர்கள்? கடைசிக் கேள்வியை மொழிபெயர்ப்பாளர் வழியாகக் கேட்டால் பெரும்பாலும் உண்மை வராது.

உங்கள் வாசலுக்கு அதிகம் வரப்போவது குழந்தைகள். எந்தக் குழந்தை வந்தாலும் முதலில் நான்கு அபாய அறிகுறிகளைப் பாருங்கள்: குடிக்கவோ பால் சப்பவோ முடியவில்லை, உட்கொண்டது அத்தனையும் வாந்தி, வலிப்பு, மயக்கம் அல்லது எழுப்பினாலும் விழிக்காத சோர்வு. ஒன்று இருந்தாலும் வண்டி ஏற்பாடு செய்யுங்கள், நோயின் பெயரைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். இரண்டு மாதத்துக்குக் குறைந்த சிசுவுக்கு அக்குள் வெப்பம் 37.5 டிகிரியோ அதற்கு மேலோ, 35.5க்குக் கீழோ இருந்தால் அதுவும் அபாயமே. உடல் குளிர்ந்துபோன சிசுவை "காய்ச்சல் இல்லை" என்று திருப்பி அனுப்புவது புதியவர்கள் செய்யும் கொடிய தவறு.

அடுத்தது மூச்சு. குழந்தை அழாமல் தாயின் மடியில் இருக்கும்போது, சட்டையைத் தூக்கி, ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். இரண்டு மாதத்துக்குக் கீழ் 60 அல்லது அதற்கு மேல், 2 மாதம் முதல் ஒரு வயது வரை 50, ஒன்று முதல் ஐந்து வயது வரை 40 என்றால் வேகமான மூச்சு. பதினைந்து விநாடி எண்ணி நான்கால் பெருக்காதீர்கள். குழந்தையின் மூச்சு சீராக ஓடாது, இரண்டு மூச்சு தவறினால் பெருக்கும்போது எட்டாகிவிடும். மூச்சை இழுக்கையில் நெஞ்சின் கீழ்ப்பகுதி உள்ளே போகிறதா என்பதையும் பாருங்கள். போனால் அனுப்பிவிடுங்கள். இரண்டு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்கு வேகமான மூச்சு மட்டும் இருந்து, அந்நாட்டின் விதியும் அனுமதித்தால், நீரில் கரையும் 250 மில்லிகிராம் அமாக்சிசிலின் மாத்திரை தரலாம். ஒரு வயது வரை ஒன்று, ஒன்று முதல் மூன்று வயது வரை இரண்டு, மூன்று முதல் ஐந்து வயது வரை மூன்று, நாளுக்கு இரு வேளை, ஐந்து நாள். மூன்றாம் நாள் கட்டாயம் திரும்பிவரச் சொல்லுங்கள். வெறும் சளிக்கும் இருமலுக்கும் இந்த மருந்து தேவையில்லை. ஊசி கேட்பவர்கள் அடுத்ததாகக் கேட்பது இதைத்தான்.

வயிற்றுப்போக்கு பற்றிக் கொஞ்சம் விரிவாக. 1971இல் வங்கதேசப் போர் அகதிகளிடையே காலரா பரவியபோது, மேற்கு வங்கத்துப் பங்காவ் முகாமில் நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்துகொண்டிருந்தது. மருத்துவர் திலீப் மஹாலானபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த கரைசலைப் பீப்பாய்களில் வைத்து, நோயாளிகளின் உறவினர்களையே குடிக்கக் கொடுக்கச் செய்தார். நூற்றுக்கு முப்பது பேர் வரை இறந்துகொண்டிருந்த இடத்தில் அது நான்குக்கும் கீழே வந்தது. அந்தக் கரைசலைக் கொடுத்தவர்கள் யாரும் மருத்துவம் படித்தவர்கள் அல்லர்.

இப்போதைய ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை அதில் அச்சிட்டிருக்கும் அளவு நீரில், பெரும்பாலும் ஒரு லிட்டரில், முழுதாகக் கரைக்க வேண்டும். பாதிப் பொட்டலத்தைக் கண்ணளவில் கரைப்பது, ஒரு தம்ளர் நீரில் முழுப் பொட்டலத்தைக் கொட்டுவது, இரண்டும் ஆபத்து. இரண்டாவது இரத்தத்தில் உப்பை ஏற்றி வலிப்பையே வரவைக்கும். பொட்டலம் கிடைக்காதபோது, சுத்தமான ஒரு லிட்டர் நீருக்கு வழித்துச் சமப்படுத்திய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. கண் குழிந்து, தாகத்தோடு, எரிச்சலாக இருக்கும் குழந்தைக்கு எடையில் கிலோவுக்கு 75 மில்லி வீதம் நான்கு மணி நேரத்தில் கொடுங்கள். 8 கிலோ குழந்தைக்கு 600 மில்லி. கரண்டியால், கொஞ்சம் கொஞ்சமாக. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, இன்னும் மெதுவாகத் தொடங்குங்கள். "கொடுத்தால் வாந்தி எடுக்கிறான்" என்று தாய் நிறுத்திவிடுவதால்தான் கரைசல் பெரும்பாலும் தோற்கிறது. அதனால் முதல் ஒரு மணி நேரம் அவளைப் போகவிடாமல் கூடவே உட்காருங்கள். கூடவே துத்தநாக மாத்திரை நாளுக்கு 20 மில்லிகிராம் (ஆறு மாதத்துக்குக் கீழ் 10), பத்து முதல் பதினான்கு நாள். வயிற்றுப்போக்கு நின்றதும் இதையும் நிறுத்திவிடுவார்கள், கடைசி நாள் வரை கொடுக்கச் சொல்லுங்கள். கிள்ளிய தோல் இரண்டு விநாடிக்குமேல் அப்படியே நிற்கிறது, குழந்தைக்குக் குடிக்க வலுவில்லை என்றால் அது நரம்பில் திரவம் ஏற்ற வேண்டிய நிலை. குழந்தையால் விழுங்க முடிந்தால் வழியெங்கும் கரைசலைக் கொடுத்துக்கொண்டே கொண்டுபோங்கள்.

மலேரியாவைக் காய்ச்சலை வைத்து ஊகிக்காதீர்கள். விரைவுப் பரிசோதனை அட்டை கிடைக்கும். அதில் நடக்கும் தவறுகள் சில்லறைத் தவறுகளே. ஒரு துளிக்குப் பதில் மூன்று துளி இரத்தம் விடுவது, கரைசல் துளிகளை எண்ணாமல் ஊற்றுவது, குறித்த நிமிடம் கடந்து பார்ப்பது, தகரக் கூரையின் கீழ் வெயிலில் பெட்டியை வைப்பது. அட்டை சரியாக வேலை செய்கிறது என்று காட்டும் கட்டுப்பாட்டுக் கோடு தெரியாவிட்டால் அந்த அட்டையை எறிந்துவிட்டு வேறு எடுக்க வேண்டும். பரவலாக உள்ள வகை அட்டை, நோய் குணமான பின்னும் சில வாரங்கள் 'உண்டு' என்றே காட்டும். அதைப் பார்த்து மறுபடி மருந்து கொடுத்துவிடக் கூடாது. 'இல்லை' என்று காட்டினால் அதை நம்பி வேறு காரணம் தேடுங்கள். அட்டை 'இல்லை' என்று காட்டிய பின்னும் "எதற்கும் இருக்கட்டும்" என்று மருந்து கொடுத்தால் சோதனைக்குச் செலவிட்ட காசு வீண்.

மலேரியாவுக்கான ஆர்ட்டிமீத்தர்–லூமிஃபான்ட்ரின் 20/120 மாத்திரையின் அளவு எடைப்படி: 5 முதல் 15 கிலோவுக்குள் ஒன்று, 25க்குள் இரண்டு, 35க்குள் மூன்று, அதற்கு மேல் நான்கு. மொத்தம் ஆறு வேளை. முதல் வேளை, எட்டு மணி நேரம் கழித்து இரண்டாவது, அடுத்த இரண்டு நாளும் காலை மாலை. பாலோ கொழுப்புள்ள உணவோ சேர்ந்தால்தான் மருந்து உடலில் நன்றாக ஏறும். பெரும்பாலும் தவறிப்போவது அந்த எட்டு மணி நேர வேளைதான். மாலையில் முதல் வேளை கொடுத்தால் நள்ளிரவில் எழுப்பிக் கொடுக்கச் சொல்ல வேண்டும். கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்தில் இருப்பவரை நீங்கள் கையாளாமல் மருத்துவமனைக்கு அனுப்புங்கள். நினைவிழந்த குழந்தைக்கு வாயில் எதையும் ஊற்றாதீர்கள். ஒரு தேக்கரண்டி சர்க்கரையைச் சில சொட்டு நீரில் நனைத்து நாக்கின் அடியில் வைத்து, பக்கவாட்டில் படுக்கவைத்துக் கொண்டுபோகலாம், வழியில் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை திரும்பவும் வைக்கலாம். சில நாடுகளில் ஆறு வயதுக்குட்பட்டவர்களுக்கு ஆசனவாய் வழி ஆர்ட்டிசுனேட் அனுமதி உண்டு. அது வண்டி ஏறும் முன் கொடுக்கும் ஒரே ஒரு வேளை. அதைக் கொடுத்ததும் குழந்தை தெளிந்தது போலிருக்கும், தகப்பன் "இனி எதற்கு மருத்துவமனை" என்பார். அங்கே விட்டுக்கொடுத்தால் நோய் திரும்பிவரும்.

பிரசவம் பார்க்கத் துணியாதீர்கள். ஆனால் கதவைத் தட்டிய பிறகு நடந்துவிட்ட பிரசவம் இருக்கத்தான் செய்யும். குழந்தையை உடனே துடைத்து உலர்த்துங்கள், முதுகைத் தேய்த்துத் தூண்டுங்கள். மூச்சு வராவிட்டால் பிறந்த ஒரு நிமிடத்துக்குள் ஆம்பு பை முகத்தில் இருக்க வேண்டும். இதைப் பொம்மையில் மாதம் ஒருமுறையாவது பழகாவிட்டால் கை மறந்துவிடும். தாய்க்கு இரத்தம் நிற்காவிட்டால் வயிற்றின் மேலிருந்து கருப்பையைத் தேய்த்து இறுகச் செய்தபடியே அனுப்புங்கள். தொப்புள்கொடிக்கான குளோர்ஹெக்சிடின் மருந்தைச் சொட்டுமருந்துப் புட்டியில் வைக்க வேண்டாம். கண்மருந்தென்று எண்ணி விட்டதால் பல நாடுகளில் கண்ணே பாழாகியிருக்கிறது.

தீக்காயத்துக்கு இருபது நிமிடம் ஓடும் நீர். பற்பசை வேண்டாம், எண்ணெய் வேண்டாம். நாய்க்கடிக்கு சோப்பும் நீருமாகப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றே தடுப்பூசிக்கு அனுப்புதல். பாம்புக்கடிக்கு அறுக்காமல், உறிஞ்சாமல், இறுக்கிக் கட்டாமல், கைகாலை அசையாதபடி சட்டம் கட்டித் தூக்கிச் செல்லுதல். இவை எந்தப் பயிற்சியிலும் இருக்கும், இங்கே நீட்டவில்லை.

மருந்துப் பெட்டிக்கு வருவோம். இங்கிருந்து மூட்டை கட்டாதீர்கள். நாடு விட்டு நாடு மருந்து கொண்டுபோக அந்நாட்டுச் சுகாதார அமைச்சகத்தின் அனுமதி வேண்டும். நன்கொடை மருந்து வந்துசேரும்போது காலாவதிக்குக் குறைந்தது ஓராண்டு மீதமிருக்க வேண்டும், பொதுப்பெயர் எழுதியிருக்க வேண்டும், நோயாளிகள் திருப்பித் தந்ததாக இருக்கக் கூடாது என்பவை உலக சுகாதார அமைப்பின் விதிகள். சபையார் அன்போடு தரும் பாதி தீர்ந்த அட்டைகள் இதில் ஒன்றும் தேறாது. அங்குள்ள அரசு கொள்முதல் நிலையத்திலோ மிஷன் மருந்துக் கிடங்கிலோ வாங்குங்கள். சந்தையில் வாங்க வேண்டாம். வறிய, நடுத்தர வருமான நாடுகளில் பத்து மருந்துகளில் ஒன்று தரமற்றது அல்லது போலி என்று அந்த அமைப்பே 2017இல் மதிப்பிட்டது. மலேரியா மருந்து அதில் முன்வரிசை.

இலவசமாகக் கொடுக்கலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, கேட்டிருக்க வேண்டும். அருகில் சின்னக் கட்டணம் வாங்கி அந்தப் பணத்தில் மருந்து நிரப்பும் சுகாதார நிலையம் இருக்கலாம். நீங்கள் இலவசமாகக் கொடுத்தால் கூட்டம் உங்களிடம் வரும், அங்கே பெட்டி காலியாகும். நீங்கள் விடுப்பில் போகும் மூன்று மாதம் ஊருக்கு இரண்டுமே இருக்காது. ஆகவே போனதும் அந்நிலையப் பணியாளரைப் பாருங்கள், அவர் வேலைக்குத் துணையாக நில்லுங்கள். உங்கள் பதிவேடும் அவர் பதிவேடும் ஒரே வடிவில் இருக்கட்டும்: தேதி, பெயர், வயது, எடை, கண்டது, கொடுத்தது, அனுப்பிய இடம், திரும்பி வந்தபோது எப்படி இருந்தார்.

இறப்பு பற்றிய உங்கள் கேள்விக்கும் இந்தப் பதிவேடே பாதி பதில். அனுப்ப வேண்டிய நேரத்தில் அனுப்பினீர்களா, எதைக் கொடுத்தீர்கள் என்பது அதில் இருக்கும். குடும்பத்திடம் நீங்களே நேரில் போய், கண்டதையும் செய்ததையும் மறைக்காமல் சொல்லுங்கள். சட்டப் பக்கம் நாட்டுக்கு நாடு மாறும். எனவே யார் காவல் நிலையத்திடம் பேசுவது, யார் வழக்கறிஞர் என்பதை அனுப்பும் நிறுவனத்திடம் புறப்படும் முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள். உரிமம் இல்லாமல் ஊசி போட்டிருந்தால் அந்தப் பேச்சு வேறு மாதிரி போகும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஊழியர்களிடம் இன்னொன்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. ஜெபிக்கலாமா என்று நோயாளியிடம் கேட்டு, சம்மதித்தால் ஜெபியுங்கள். ஆராதனைக்கு வந்தவருக்கு முதலில் மருந்து என்ற வரிசை மட்டும் வேண்டாம். ஜெபித்தபின் காசநோய், எச்.ஐ.வி., வலிப்பு மாத்திரைகளை "இனி வேண்டாம்" என்று யாராவது நிறுத்தினால், அது உங்கள் வாயிலிருந்து வந்ததாகவே ஊர் பேசும். தொடர்ந்து சாப்பிடுங்கள் என்று ஜெபத்தோடு சேர்த்தே சொல்லிவிடுங்கள்.

கடைசியாக உங்கள் மூவரின் உடல். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் பயணத்துக்குப் பத்து நாள் முன்பாவது போட வேண்டும். அந்தச் சான்றிதழ் 2016 ஜூலை முதல் ஆயுள் முழுக்கச் செல்லும். ஹெப்பட்டைட்டிஸ் பி, டெட்டனஸ், வெறிநாய்க்கடிக்கு முன்தடுப்பு ஆகியவையும் வேண்டும். சிறுபிள்ளைகள் நாய் கீறியதைச் சொல்லமாட்டார்கள், ஆகவே மகளுக்குக் கடைசியானது முக்கியம். மலேரியா தடுப்பு மாத்திரைகளில் டாக்ஸிசைக்ளின் எட்டு வயதுக்குட்பட்டவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் ஆகாது. வாரம் ஒருமுறை சாப்பிடும் மெஃப்ளோகுவினால் சிலருக்குக் கெட்ட கனவும் மனக்கலக்கமும் வரும், அதனால் இரண்டு மூன்று வாரம் முன்பே தொடங்கிப் பார்த்துவிட வேண்டும். மாத்திரை எதுவானாலும் மருந்திட்ட கொசுவலை கட்டாயம். இவற்றையும் மீறி வரும் காய்ச்சலுக்கு அன்றே சோதனை. பல்லை இங்கேயே சரிசெய்துகொள்ளுங்கள். இரவில் அந்த மண்சாலையில் வண்டி ஓட்டாதீர்கள், சீட் பெல்ட், தலைக்கவசம் இல்லாமல் ஏறாதீர்கள். அபூர்வக் காய்ச்சல்களுக்குப் பயப்படும் ஊழியர்கள் பலர் சாலைக்குப் பயப்படுவதில்லை.

பெட்டியில் முதலில் வைக்க வேண்டியவை: குழந்தையைத் தொங்கவிட்டு எடை பார்க்கும் தராசு, விநாடி முள்ளுள்ள கடிகாரம், வெப்பமானி, மேற்கையைச் சுற்றி அளக்கும் வண்ண நாடா. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை அந்த நாடா 115 மில்லிமீட்டருக்குக் கீழ் காட்டினால் கடுமையான ஊட்டக்குறைவு, அந்நாட்டின் ஊட்டச்சத்துத் திட்டத்துக்கு அனுப்புங்கள். தராசை மட்டும் எக்காரணம் கொண்டும் விட்டுப் போகாதீர்கள். மேலே எழுதியவற்றில் ஓ.ஆர்.எஸ். அளவும் மலேரியா மருந்தின் அளவும் கிலோக் கணக்கில்தான் இருக்கின்றன.